தங்கைக்கு அனுப்பிய பென்சில்

செண்பகம் பழைய பென்சில்கள் சேர்ப்பவள். தயாரிப்பு நின்று நாற்பது வருடமான ஒரு பச்சைப் பென்சிலை, நடுக்கடலில் மிதக்கும் பாசிப் பண்ணையில் வேலை பார்க்கும் தங்கை கோமதிக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள்.

எல்லோரையும் போலக் கோமதியும் அதுவரை திருத்துபேனாவில்தான் எழுதிவந்தாள். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டியதும், அதன் மை தானாகவே பிழைகளை நீக்கி, கடுமையான சொற்களை இதமாக்கிவிடும். மாதம் தவறாமல், ‘நான் நலம், கடல் அழகு’ என்று கடிதம் வரும். செண்பகமும் மகிழ்ந்துபோய்ப் பதில் போடுவாள்.

இந்த மாதக் கடிதம் பென்சிலில் வந்தது. எழுத்து கோணல்மாணலாக, பிழைகளோடு இருந்தது.

“அக்கா, மாசாமாசம் கெஞ்சுதேன். இங்க அடிக்காங்க. வந்து கூட்டிட்டுப் போ. நீ ஏன்க்கா ‘ரொம்ப சந்தோசம்’னே பதில் போடுத?”

செண்பகம் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“என்ன எழுதியிருக்கா?” என்று கேட்டார் கணவர் முத்தையா.

அவள் பீரோவைத் திறந்து, இரண்டு வருடக் கடிதங்களையும் அள்ளி அவர் மடியில் போட்டாள்.

“இதுல ஒண்ணுகூட அவ எழுதுனது இல்ல” என்றாள். “மொதல்ல ஒரு படகு பிடிங்க.”