கோட்டில் நிற்காத கிக்

"இதை நீ பண்ணினியா, இல்ல உன் பூனை கீபோர்டு மேல நடந்துச்சா?"

ரெனீட்டா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கிளீவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

டெட்ராய்டில் டெக்னோ இசை பண்ணுகிற எல்லோருக்கும் ரெனீட்டாவின் வாய் தெரியும். கிராஷியட் சாலையில், மூடிப்போன செருப்புக் கடைக்கு மேலே அவளுடைய ஸ்டுடியோ. அவள் வெளியிடும் இசைத்தட்டில் ஒரு ட்ராக் இடம்பிடித்துவிட்டால் பெர்லின்வரை ஓடும். அதற்காகவே திட்டு வாங்க ஆட்கள் மாடியேறி வருவார்கள். கிளீவன் மட்டும் வந்ததில்லை. அவர்கள் இருவருக்கும் விவாகரத்தான பிறகு அவன் இந்தப் படியை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

"அப்படி என்ன மோசம்?" என்றான்.

"எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்? டும் டும்னு அடிக்கிற உன் கிக் டிரம்மும் அடியில உறுமற பேஸும் ஒரே இடத்துல முட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டும் கேக்க மாட்டேங்குது. நம்ம குடித்தனம் மாதிரியே இருக்கு."

"யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும்."

"அடடா, இப்பதான் புரிஞ்சுதா துரைக்கு? கிக் அடிக்கிறப்ப பேஸ் தணிஞ்சு போகணும். அடிச்சு முடிச்சதும் திரும்ப எழுந்து வரணும். கம்ப்ரெஸர்ல சின்ன வேலை. மனுஷங்களுக்குத்தான் அப்படி ஒரு பட்டன் இல்ல."

பேசிக்கொண்டே மௌஸை நகர்த்தினாள். பேஸின் சத்தத்தை அமுக்கும் கம்ப்ரெஸருக்குக் கிக்கின் சத்தத்தை அனுப்பினாள். ஒவ்வொரு அடிக்கும் பேஸ் குனிந்து வழிவிட்டது. சேற்றில் கிடந்த கிக் கழுவி எடுத்தமாதிரி வெளியே வந்தது.

"இந்த வயலின் ஸ்ட்ரிங்ஸுக்கு அடியில எதுக்கு இவ்வளவு கனம்? காதுல கேக்காது, இடத்தை மட்டும் அடைச்சுக்கும். உங்க அண்ணன் சோஃபால உக்காருவாரே, அதுமாதிரி." அடிப்பகுதியை வெட்டி எறிந்தாள். "கைதட்டல் சத்தத்துக்கு இவ்வளவு எதிரொலியா, ரிவெர்ப்பா? ஏதாவது மாதா கோயிலை விலைக்கு வாங்கிட்டியா?" அதையும் குறைத்தாள்.

அவள் தொட்டதெல்லாம் துலங்கியது. கிளீவனுக்கும் அது கேட்டது. தலையை ஆட்டிக்கொண்டான்.

"இப்ப உன் கிக்குக்கு வருவோம்." ஸ்க்ரீனில் கிக்கைப் பெரிதாக்கினாள். "பாரு, தாளக் கோடு இங்க இருக்கு. உன் கிக் அங்க நிக்குது. அடுத்தது ஆளையே காணோம். அப்புறம் ரெண்டு ஒண்ணா ஓடி வருது. குடிச்சவன் மாடிப்படி ஏறுற மாதிரி. எவன் ஆடுவான் இதுக்கு? நொண்டி ஆடுவானா?"

"அப்படித்தான் அது அடிக்கும்."

"சத்தமாவது உருப்படியா இருக்கா? ஈரப் போர்வையில சுத்தி உதைச்ச மாதிரி இருக்கு. யார்கிட்டேருந்து சுட்டே?"

"நானே பதிவு பண்ணினேன்."

"தெரியுது. தூக்கிக் குப்பையில போடு. என்கிட்ட நல்ல கிக் மூட்டை மூட்டையா இருக்கு."

"இல்ல ரெனி. அது இருக்கணும்."

"சரி, சனியன் இருந்துட்டுப் போகட்டும். நேராக்கவாவது செய்யலாம்ல?"

அவன் வாயைத் திறப்பதற்குள் எல்லா அடிகளையும் மொத்தமாகப் பிடித்து ஒரு பட்டனைத் தட்டினாள். வழிதவறி நின்ற அடிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கோட்டுக்கு ஓடி வந்து நின்றன. பாட்டை ஓடவிட்டாள்.

டும், டும், டும், டும்.

ரெனீட்டாவின் தோள் தானாக ஆடத் தொடங்கியது. முகத்தில் இருந்த ஏளனம்கூட ஒரு நிமிஷம் காணாமல்போயிற்று.

"கேளுய்யா! இப்பதான் இதுக்கு உயிரே வந்திருக்கு. நிஜமாவே சொல்றேன், வசந்தத்துல வர்ற தட்டுல முதல் பாட்டா இதைப் போடறேன்."

எத்தனையோ பேர் காத்துக்கிடந்த வார்த்தை அது. கிளீவன் எட்டி, அவள் கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறும் பட்டனை அழுத்தினான். அடிகள் பழையபடி கலைந்தன.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"மத்ததெல்லாம் நீ பண்ணினபடியே இருக்கட்டும். நீ கைவச்சா நல்லாத்தான் இருக்கும்னு தெரிஞ்சுதான் வந்தேன். இதை மட்டும் தொடாதே."

"அப்ப தட்டுல வராது."

"பரவாயில்ல. ஒரு பிரதி மட்டும் எனக்குக் குடு."

"இதே பிடிவாதம்! இதனாலதான் நீ எங்கயும் போய்ச் சேரல. சொன்னா கேக்கிறதில்ல, ஒரு வேலையை ஒழுங்கா முடிக்கிறதில்ல." அவள் நாற்காலியைச் சுழற்றி அவன் பக்கம் திரும்பினாள். "போ. அடுத்த வாரம் ஒழுங்கா அடிக்கிற கிக் ஒண்ணைப் பதிவு பண்ணி எடுத்துட்டு வா, பாக்கலாம்."

"அடுத்த வாரம் ஒழுங்காத்தான் அடிக்கும். அதனாலதான் இன்னிக்கே வந்தேன்."

"என்ன உளர்றே? எங்கேருந்துதான் எடுத்துட்டு வந்தே இந்தக் கண்ராவிச் சத்தத்தை?"

கிளீவன் சட்டையின் இடது பக்கம் கையை வைத்தான்.

"இங்கேருந்து. நாளைக்குக் காலையில உள்ள பேஸ்மேக்கர் வைக்கிறாங்க ரெனி, அப்புறம் நீ சொன்ன மாதிரியே கோட்டுல நின்னு நேரா அடிக்கும்."