கரையில் ஓர் இடம்

கோட்டைக்குப்பத்தில் வெயில் ஏறிவிட்டது. கரையில் ஓர் இன்ஜின் சத்தமும் இல்லை. நேற்று முகத்துவாரத்தில் படகு உடைந்து இறந்த தருமனை வாசலில் கிடத்தியிருக்கிறார்கள். தலைமாட்டில் அவன் மனைவி தனக்கோடி. போன மாதம் அவள் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்தி மனோரமா, இப்போது அவளுடைய அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிகிறாள். “யாரும் கடலுக்குப் போவலயாக்கா?” என்கிறாள் தனக்கோடி. “இன்னாடி கேக்குற? நம்ம வூட்டு சாவுடி இது. எவன் போவான்?” ஸ்தோத்திரம் சொல்லத் தனக்கோடி கை கூப்புகிறாள். எதிரே குப்பத்துப் படகுகள் அத்தனையும் விலாவோடு விலா ஒட்டி மணலில் நிற்கின்றன. நடுவில், தருமன் படகு வழக்கமாக நிற்கும் இடத்தில் மட்டும் யாரும் தங்கள் படகை ஏற்றவில்லை. கூப்பிய கையோடு வாய் திறக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவள் சொல்லியிராத புருஷன் பெயர்தான் வாயில் வருகிறது.