லுஹர் நேரத்தில் மட்டும் குளிரும் கார்

ஜுனைதீன் ஹாஜியார் கொதித்துக்கொண்டுதான் மெக்கானிக் அர்ஷாத்தின் கராஜுக்குள் நுழைந்தார்.

"மூணாந்தரம் வாறன்! சூடு பார்க்கிற சென்சர் ரெண்டையும் மாத்தினாய். மத்தியானம் ஏசி குளிருதே இல்ல. நீ கள்ளன் எண்டு பள்ளியடியில தொழ வந்த எல்லாருக்கும் சொல்லிட்டன்!"

"நான் பார்க்கக்குள்ள ஐஸ் மாதிரி வருது ஹாஜியார்."

"ஓம், காரை உன்னட்ட விட்டிட்டு நான் மத்தியானம் லுஹர் தொழப் போனாக் குளிருமாம், வந்து ஏறினா வேகுமாம்! ஆருக்கு விடுறாய் கதை?"

அர்ஷாத்தின் முகம் சிவந்தது. "ஓட்டுங்க. நானும் வாறன்."

ஹாஜியார் வியர்த்த தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி வழக்கம்போல முன்கண்ணாடியடியில் எறிந்துவிட்டுக் காரை விரட்டினார். அடுத்த ஊரான சாய்ந்தமருது வருமுன்பே ஏசிக் காற்று தளர்ந்தது.

"பாத்தியா!" என்று கத்தினார்.

அர்ஷாத் தொப்பியைத் தூக்கினான். அடியில் பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் குமிழ்.

"இது வெயில் பார்க்கிற சென்சர். மூடினாக் கார் பொழுதுபட்டிட்டு எண்டு நினைச்சு ஏசியைக் குறைச்சிடும். தொழப் போகக்குள்ள தொப்பியும் உங்களோட போகுது. அதான் என்ட கராஜில மட்டும் குளிருது."

காற்று மெல்லக் குளிர்ந்தது.

அர்ஷாத் தொப்பியை நீட்டினான்.

"போட்டுக்கொண்டு பள்ளியடிக்குத் திருப்புங்க. கள்ளன் எண்டு சொன்ன இடத்திலயே இதையும் சொல்லுங்க."