துத்தநாகத்தின் மேல் பெயிண்ட்

படகைச் சோதிக்க வந்த அவள் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். எரிச்சல் வந்தது.

ஆறு துத்தநாகக் கட்டிகள். ஆறிலும் சிவப்பு பெயிண்ட்.

இரும்புப் படகில் அவற்றைப் பொருத்துவதே கடல் தின்பதற்குத்தான். உப்புத் தண்ணீர் முதலில் துத்தநாகத்தை அரிக்கும். அது கரைகிறவரை இரும்பு தப்பிக்கும். பெயிண்டால் மூடிவிட்டால் கடல் நேரே இரும்புக்குப் போகும்.

இதைப் படிக்க அவளுக்கு நான்கு வருடம் ஆனது.

“மேடம், கையெழுத்தப் போட்டா போட்டக் கடல்ல எறக்கிரலாம்” என்றார் சிலுவை மேஸ்திரி.

“எறக்க முடியாது. ஜிங்க் மேல பெயிண்ட் அடிச்சிருக்கு.”

மேஸ்திரி திரும்பினார். “ஏ முத்துப்பேச்சி! ஒன் வேலதானா இது? நாளையிலருந்து வராத.”

முத்துப்பேச்சி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

பத்தாவதில் நானூற்று அறுபது மார்க் வாங்கியவள். அப்பா இறந்த வருடம் இந்தப் படகு யார்டுக்கு வேலைக்கு வந்தாள். சின்னவள் படிக்கட்டும் என்று வீட்டில் முடிவானது.

அந்தச் சின்னவள்தான் கையெழுத்துப் போடாமல் நிற்கிறாள்.

“அடிக்கக் கூடாதுன்னு எங்கக்காட்ட யாராச்சும் சொன்னீங்களா?”

யார்டு முழுக்கக் கேட்டது.

“சொல்லலல்லா? அப்ப ரிப்போர்ட்ல ஒங்க பேரத்தான் எழுதணும். எழுதவா?”

மேஸ்திரியின் முகம் சுருங்கியது.

“சுரண்டிட்டு எறக்குங்க. நீ எப்பவும்போல வா, பேச்சி.”

சொல்லிவிட்டு மேஸ்திரி போய்விட்டார்.

தங்கை ஷூவைக் கழற்றினாள். இரண்டு பேரும் படகுக்கு அடியில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு சுரண்டி.

“பளபளன்னு இருந்துச்சு. கெட்டுப் போயிரக் கூடாதேன்னு இதுக்கு மட்டும் ரெண்டு கோட்டு அடிச்சேம்ட்டி.”

“கெட்டுப் போறதுக்குத்தான்க்கா வெச்சிருக்கு. இரும்பு தப்பிக்கணும்லா.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அதுட்ட யாராச்சும் கேட்டாங்களாக்கும்?”

தங்கையின் கை நின்றது.

“இல்லக்கா. யாரும் கேக்கல.”

சிவப்புச் செதில்கள் மடியில் விழுந்து கிடந்தன.

“நானும் கேக்கல.”

அக்கா தன் கட்டியைச் சுரண்டி முடித்தாள். முந்தானையால் துடைத்தாள்.

பிறகு, “போட்டு நல்லாத்தானட்டி இருக்கு” என்றாள்.

சொன்னபோது அவள் பார்த்தது படகை அல்ல, தங்கையை.