மருந்து போடாத தொட்டி

பதற்றத்துக்கான மருந்தை மீன்களிடம் சோதிக்கும் கூடம் அது. பயந்த மீன் தொட்டியின் அடியில் பதுங்கும். மருந்து வேலை செய்தால் மேலே வந்து சாவகாசமாக நீந்தும். தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுவது அவள் வேலை. இரவெல்லாம் நெஞ்சு படபடத்து, தூக்கம் கெட்டு, கண் எரிய எரியத்தான் தினமும் வருவாள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே போடாமல் வைத்த தொட்டியருகே நின்றால் மட்டும் நெஞ்சு லேசாகும். அதே நேரம் பார்த்து அதிலுள்ள மீன்கள் அத்தனையும் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அது எப்படி என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"சோதனை முடிஞ்சிருச்சும்மா. எல்லாத்தையும் ஐஸ் தண்ணில போட்டு முடிச்சிருங்க" என்றார் ஆய்வாளர்.

"அந்தத் தொட்டியுமா சார்?"

"அதுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?"

போட்டாள். அந்தத் தொட்டி மீன்கள் ஒவ்வொன்றாக அசைவற்றுப் போகப் போக, அவள் நெஞ்சின் படபடப்பும் அடங்கி அடங்கி, அடியோடு நின்றுபோனது.

மூன்றாம் மாடியில் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது, எதிரே இரண்டடியில் இருந்த பால்கனிக் கம்பியில் ஏறி, சின்ன மகள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, புள்ளையப் பிடி!" என்று அலறியபடி சமையலறையிலிருந்து கணவன் ஓடிவந்தான்.

மகளை எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் அவள் நின்றாள். ஒரு செருப்பைக் கழற்றினாள். பிறகு, நிதானமாக, மற்றதையும் கழற்றினாள்.