மூன்றாவது தட்டு

"ஏம்மா, மறுபடியும் ஒரு தட்டா?" அலுத்துக்கொண்டே பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

ஆய்வு மாணவி நகரவில்லை. தட்டில் அவள் வளர்க்கும் நூல்புழுக்களில் ஒரே மரபணுவின் நகலை நரம்பு ஒருவிதமாகவும் தசை வேறுவிதமாகவும் வெட்டி ஒட்டும். அது கண்ணுக்குத் தெரிய, நரம்பு சிவப்பாகவும் தசை பச்சையாகவும் ஒளிரும்படி செய்திருந்தார்கள். இந்தத் தட்டில் ஒரு புழுவுக்கு நரம்பும் பச்சை. வெட்டுவதற்கு உத்தரவு போடும் மரபணு அதில் கெட்டிருக்கிறது. இரண்டு வருடமாக அவள் தேடியது அதைத்தான்.

"எல்லாம் எப்பவும்போலத்தான் இருக்கு. போன ரெண்டு தட்டு மாதிரி இதையும் சிவப்புத் தொட்டியில போடு."

"மாட்டேன் சார். நல்லாப் பாருங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" தட்டைப் பிடுங்கி அவரே தொட்டியில் போட்டார்.

அவள் குனிந்து அதை வெளியே எடுத்தாள்.

"கிருமிக் கழிவு போடற சிவப்புத் தொட்டிக்குள்ள கையை விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"பெருக்கற அக்கா காலையில ரெண்டு தொட்டியையும் இடம் மாத்தி வெச்சுட்டாங்க சார். நீங்க போட்டது காகிதம் போடற பச்சைத் தொட்டி."

அவர் இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒரே நிறமாகத்தான் தெரிந்தன.

அவள் தட்டின் மூடியில் தன் பெயரை எழுதினாள்.

"போன ரெண்டும் இப்படித்தான் போச்சு. இனிமே நிறத்தை நான் சொல்றேன் சார். நீங்க எழுதிக்கோங்க."