பூட்டிக்கொள்ளாத கம்ப்யூட்டர்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யென்றால், மிச்சமிருக்கும் என் நாலு பல்லும் இன்றைக்கே கொட்டட்டும்.

பம்பு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும், ஆபீஸே 'அக்கா' என்று கூப்பிடும் பெண்ணின் கம்ப்யூட்டருக்குப் புத்தி பேதலித்திருந்தது. ஐந்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் அது தானாகவே பூட்டிக்கொள்ள வேண்டும். அதுவோ, ஒரு நாள் அவள் தும்மி முடிப்பதற்குள் பூட்டிக்கொள்ளும். மறுநாள் அவள் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகும் ஆவென்று திறந்து கிடக்கும்.

அன்று மதியம் சாப்பாட்டு அறை ஜன்னலோரம் அக்கா கண்ணயர்ந்தாள். தெருவில் ஒரு கப்பல், பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு மெல்ல மிதந்து வந்தது. மேல்தட்டில் நின்று அவள் வீட்டுக்காரர் கையசைத்தார்.

அவருக்குக் கப்பல் வேலை. ஒன்றரை வருஷம் கழித்துத் திங்கட்கிழமை கரை இறங்குகிறார். பத்தே நாள். அப்புறம் மறுபடி கடல்தான். ஆபீஸ் பல்லிக்குக்கூட இந்தச் சேதி தெரியும்.

ஆனால், 'மாதக் கடைசி வரை எவரும் லீவு கேட்கக் கூடாது' என்று மேனேஜர் கைப்பட எழுதி ஒட்டியிருந்தார். ஆபீஸில் அவருக்கு 'இடி' என்று பெயர். அக்கா கேட்கவே இல்லை.

கனவு கலையாத கண்ணோடு சீட்டுக்கு வந்தால், திரை திறந்து கிடந்தது. அதில் ஒரு மெயில்: 'பத்து நாள் லீவு அனுமதிக்கப்படுகிறது.'

கீழே, அவள் எழுதாத விண்ணப்பம், அவள் பெயரில்!

பக்கத்து சீட்டு பில்லிங்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"திறந்து போட்டுட்டுப் போனா இப்படித்தான்க்கா. போன மாசம் ஆபீஸுக்கே கேக் வாங்கித் தர்றேன்னு என் பேர்ல எவனோ மெயில் போட்டான். வாங்கித் தந்தேனே!"

"என் வேலைக்கே உலை வெச்சுட்டாங்களே!"

"வாயைத் திறக்காம ஊருக்குக் கிளம்புங்க."

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார்... லீவு லெட்டர் நான் எழுதலை."

"கம்ப்யூட்டரைச் சந்தைக்கடை மாதிரி திறந்து போட்டா கண்டவனும் எழுதுவான்!" இடி இறங்கியது. அவளுக்கோ அது எங்கோ நடுக்கடலில் உருளுவதுபோலக் கேட்டது. "கொடுத்தது கொடுத்ததுதான். ரத்து பண்ண எனக்கு நேரமில்ல. பத்து நாளைக்கு என் கண்ணுல படாதே, போம்மா!"

மூன்று வாரமாகக் கூப்பிட்டும் வராத ரிப்பேர்க்காரர் சாயந்திரம் வந்து சேர்ந்தார். எதையெதையோ தட்டிப் பார்த்தார்.

"அதிசயமா இன்னிக்கு ஒழுங்காப் பூட்டியிருக்கே! மத்தியானம் ஒண்ணு அஞ்சுக்குப் பூட்டியிருக்கு. ஒண்ணரைக்கு யாரோ பாஸ்வேர்டு போட்டுத் திறந்திருக்காங்க. உங்க பாஸ்வேர்டு வேற யாருக்கும்மா தெரியும்?"

"யாருக்கும் தெரியாதே. அவசரத்துக்கு இருக்கட்டும்னு ஆபீஸ்ல கேட்டப்போ எழுதி, கவர்ல போட்டு ஒட்டிக் கொடுத்ததோட சரி."

"யார்கிட்ட?"

அக்கா கண்ணாடி அறைப் பக்கம் திரும்பினாள். உள்ளே மேனேஜர், நாக்கைத் துருத்திக்கொண்டு, கிழிந்த கவர் ஒன்றைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்.

யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்த ஆபீஸில் எனக்கு இன்னும் போக்குவரத்து உண்டு.